பைத்தான் ஸ்கிரிப்டுக்கு ஒரு சின்ன விண்டோ: கடையில் உட்காருகிறவர் பயன்படுத்துகிற மாதிரி

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணன் எங்கள் ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் சைஸ் படங்களைத் தாளில் அடுக்குவதற்குப் பைத்தானில், படங்களைக் கையாளும் பில்லோ லைப்ரரியை வைத்து, ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 4க்கு 6 இன்ச் தாள், 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி), அதாவது 1200க்கு 1800 பிக்சல். 35க்கு 45 மில்லிமீட்டர் படம் ஒன்று 413க்கு 531 பிக்சல் வரும். தாளைப் படுக்கைவாக்கில் வைத்தால் வரிசைக்கு 4, இரண்டு வரிசை, மொத்தம் 8. சுற்றிலும் வெட்டுவதற்கு இடமும் மிஞ்சுகிறது.

ஸ்கிரிப்ட் நன்றாக ஓடுகிறது. ஆனால் அதை ஓட்டுவது நான் மட்டும்தான். கடையில் உதவிக்கு இருக்கிற அக்கா கமாண்ட் ப்ராம்ப்டின் கறுப்புத் திரையைப் பார்த்ததுமே மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். ஃபைல் பெயரை முழுப் பாதையோடு டைப் அடிக்கச் சொன்னால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

வேண்டியது இவ்வளவுதான்: படத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டன், ஓரக்கோடு வேண்டுமா என்று ஒரு டிக், சேமிக்க ஒரு பட்டன். ஜூன் மாதம் பள்ளி ஐடி கார்டு வேலை வந்தால் ஒரு ஃபோல்டர் முழுக்கப் படங்களைச் செய்ய வேண்டும். கடை கம்ப்யூட்டர் விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். பைத்தானில் விண்டோ செய்கிற லைப்ரரிகளில் டிகின்டர் போதுமா, பைக்யூட்டி கற்றுக்கொள்ள வேண்டுமா, இல்லை பிரவுசரில் ஓடுகிற மாதிரி செய்துவிடலாமா?

கரிசல்காடு எழுதியது:

தம்பி, நீங்க சொல்ற வேலைக்கு டிகின்டர் தாராளமாப் போதும். விண்டோஸுக்கு பைத்தான் தளத்துல இருந்து இறக்குற இன்ஸ்டாலர்லயே அது சேர்ந்து வருது. தனியா எதையும் பிப் கட்டளை போட்டு இறக்க வேண்டாம். பைத்தானோட வர்ற ஐடில் எடிட்டர் இருக்கே, அதுவே டிகின்டர்ல எழுதினதுதான். ஒரு முழு எடிட்டரைத் தாங்குற கருவி மூணு பட்டனைத் தாங்காதா?

டிகின்டருக்குப் பின்னால இருந்து விண்டோவை வரையுற டிகே சாதாரண சரக்கு இல்ல. ஜான் ஓஸ்டர்ஹவுட் பெர்க்லி பல்கலைக்கழகத்துல 1988-ல டிசிஎல் மொழியை உருவாக்கி, அதுக்கு மேல டிகே-வைக் கட்டினார். அந்தக் காலத்துல யுனிக்ஸ்ல ஒரு விண்டோ வரைய சி மொழியில பக்கம் பக்கமா எழுதணும். அதையே சில வரி ஸ்கிரிப்ட்ல செய்ய முடியும்னு காட்டினது டிகே. பெர்ல், ரூபி, பைத்தான் எல்லாம் அதை எடுத்துக்கிட்டது அந்த எளிமைக்காகத்தான். 1997-ல ஏசிஎம்ங்கிற கணினியாளர் அமைப்பு அவருக்கு மென்பொருள் விருது கொடுத்ததும் இதுக்குத்தான். நான் டிசிஎல் காலத்துல இருந்து இதுல வேலை பார்க்கிறேன், எனக்கு இது மேல உண்மையான மரியாதை உண்டு.

விண்டோவைத் தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. தாள் அடுக்குற வேலை முழுக்க ஒரே ஃபங்ஷனுக்குள்ள இருக்கணும். படத்தோட பாதை, சேமிக்க வேண்டிய பாதை, ஓரக்கோடு உண்டா இல்லையா, இந்த மூணு மட்டும் உள்ள போகணும். அதுக்குள்ள பிரிண்ட் கூடாது, இன்புட் கூடாது, டிகின்டர்ங்கிற பேரே கூடாது. அப்படிப் பிரிச்சிட்டீங்கன்னா மேல எந்த விண்டோவை வேணும்னாலும் மாட்டலாம்.

தாமிரபரணி எழுதியது:

கரிசல்காடு அண்ணன் சொன்ன பிரிவினை சரி. டிகின்டர் மட்டும்தான் எனக்கு ஒப்பவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர் பைசைடு (பைக்யூட்டி போலவே க்யூட்டி என்ற கருவியைப் பைத்தானில் பயன்படுத்தும் லைப்ரரி) கற்றுக்கொண்டால் நாளை பெரிய வேலைக்கும் உதவும். க்யூட்டி டிசைனரில் பட்டன்களை இழுத்துப் போட்டு அமைக்கலாம், படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது, வெட்டுவது எல்லாவற்றுக்கும் தயார் வசதி இருக்கிறது. லைசன்ஸைக் கவனியுங்கள்: பைக்யூட்டி ஜிபிஎல் (கொடுக்கும் நிரலின் மூலத்தையும் திறந்து கொடுக்கச் சொல்வது) அல்லது கட்டண லைசன்ஸ், பைசைடு எல்ஜிபிஎல் (அதைவிடத் தளர்வானது). கடைக்கு எழுதிக் கொடுப்பவர்களுக்குப் பைசைடு சிரமம் தராது.

இணையவாசி எழுதியது:

பைத்தானில் வலைப்பக்கம் செய்கிற ஃபிளாஸ்க்கில் ஒரு பக்கம் எழுதி பிரவுசரில் திறந்துவிடுங்கள். எச்டிஎம்எல் எல்லோருக்கும் தெரியும், அழகாகவும் இருக்கும்.

மலைச்சாரல் எழுதியது:

@இணையவாசி, பல பேர் பல கணினியில் இருந்து பயன்படுத்துகிற வேலை என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒரே கடை, ஒரே கணினி என்றால் பாரம்தான் கூடுகிறது. காலையில் யாராவது அந்த சர்வரை ஓட்டிவிட வேண்டும், பிரவுசர் டேபை மூடிய பிறகும் அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். பாதுகாப்பு காரணமாக பிரவுசர் ஒரு ஃபைலின் முழுப் பாதையைப் பக்கத்துக்குச் சொல்லாது; அதனால் பக்கத்தில் இருக்கிற ஃபோல்டரில் உள்ள படத்தைக்கூட அப்லோட் செய்து, திரும்ப டவுன்லோட் செய்யும் சுற்றுவழி வரும். டிகின்டரின் ஃபைல்டயலாக் விண்டோஸின் வழக்கமான பெட்டியையே திறக்கும். அந்த அக்காவுக்கு ஏற்கனவே பழகிய பெட்டி அது.

@வைகைக்கரை, தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. எல்லாவற்றையும் டிகின்டருக்குள் இருக்கிற டிடிகே பகுதியிலிருந்து எடுங்கள், டிகே 8.5-ல் வந்த அந்தப் பட்டன்கள் விண்டோஸின் சொந்தத் தோற்றத்தில் இருக்கும், பழைய பட்டன்கள் 90-களின் சாம்பல் நிறத்தில் இருக்கும். அடுத்து, பட்டன்களை இடத்தில் அடுக்கும் முறைகளான பேக், கிரிட் இரண்டையும் ஒரே ஃப்ரேமுக்குள் கலக்காதீர்கள். டிகே 8.6 உடனே பிழை காட்டி நிற்கும். அதற்கு முந்தையவை ஒன்றும் சொல்லாமல் அப்படியே உறைந்துவிடும். கடைசியாக, பட்டனின் கமாண்ட் இடத்தில் ஃபங்ஷன் பெயரை மட்டும் கொடுங்கள். பின்னால் அடைப்புக்குறி போட்டால் விண்டோ வருவதற்குள்ளேயே அது ஒரு தடவை ஓடி முடிந்துவிடும், பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. புதியவர்கள் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்.

வைகைக்கரை எழுதியது:

நன்றி மலைச்சாரல் அக்கா, நன்றி கரிசல்காடு அண்ணா. டிகின்டரிலேயே செய்துவிட்டேன். ஒற்றைப் படத்துக்கு அருமையாக வேலை செய்கிறது.

ஃபோல்டர் வேலையில்தான் நிற்கிறது. 'எல்லாம் செய்' பட்டனை அமுக்கியதும் விண்டோ வெளுத்துப்போய், தலைப்புப் பட்டையில் 'பதிலளிக்கவில்லை' என்று வருகிறது. வேலை உள்ளே நடக்கிறது, கடைசியில் எல்லாப் படங்களும் சரியாக வந்துவிடுகின்றன. ஆனால் அதற்குள் கடையில் இருப்பவர்கள் கெட்டுப்போய்விட்டது என்று மூடிவிடுகிறார்கள். ப்ரோக்ரஸ்பாரும் போட்டிருக்கிறேன், அது காலியாகவே நின்று கடைசியில் ஒரே தாவாக நிரம்புகிறது.

இணையவாசி எழுதியது:

லூப்புக்குள் ஒவ்வொரு படம் முடிந்ததும் ரூட்டின் (முதன்மை விண்டோவின்) அப்டேட்டைக் கூப்பிடுங்கள். சரியாகிவிடும்.

மலைச்சாரல் எழுதியது:

@இணையவாசி, பார் நகரும், உண்மைதான். ஆனால் அப்டேட் என்பது அந்த நிமிஷம் காத்திருக்கும் எல்லா நிகழ்வுகளையும் செயல்படுத்தும். யாராவது பொறுமையில்லாமல் அதே பட்டனை இன்னொரு தடவை அமுக்கியிருந்தால், முதல் லூப் நடுவில் நிற்க, அதற்குள்ளேயே இரண்டாவது லூப் தொடங்கும். விண்டோவை மூடிவிட்டால், இல்லாத பாரை நகர்த்தப் போய்ப் பிழை வரும். டிகே உலகத்தில் இந்த அப்டேட் பற்றி ரொம்ப நாளாக எச்சரிக்கை இருக்கிறது.

ஏன் உறைகிறது என்று புரிந்துவிட்டால் வழி தானாகத் தெரியும். விண்டோவை ஓட்டிக்கொண்டிருக்கும் மெயின்லூப் என்பது ஹோட்டலில் ஆர்டர் எடுக்க நிற்கும் ஒரே ஆள் மாதிரி. மவுஸ் அமுக்கியது, விண்டோ நகர்ந்தது, திரையைத் திரும்ப வரை என்று வருகிற ஒவ்வொரு செய்தியையும் அவர்தான் வாங்க வேண்டும். நீங்கள் பட்டனின் ஃபங்ஷனுக்குள் நூற்றுக்கணக்கான படங்களை வைத்துவிட்டால், அவர் அடுப்படிக்குப் போய் தோசை ஊற்ற நின்றுவிடுகிறார். சில விநாடிகள் எந்தச் செய்தியையும் யாரும் வாங்கவில்லை என்று கண்டால் விண்டோஸே அந்தத் தலைப்பை மாட்டிவிடும்.

உங்கள் வேலைக்கு த்ரெட் (வேலையைப் பக்கத்திலேயே தனியாக ஓட விடும் வழி) கூட அவசியம் இல்லை. ஒரு படத்துக்கு ஆகிற நேரம் கொஞ்சம்தான், எண்ணிக்கைதான் அதிகம். அதனால் லூப்பை உடையுங்கள். மீதி இருக்கிற படங்களின் பட்டியலை ஒரு இடத்தில் வையுங்கள். 'அடுத்த_படம்' என்று ஒரு ஃபங்ஷன்: பட்டியலில் இருந்து ஒன்றை எடு, தாளைச் செய், பாரை ஒன்று நகர்த்து, இன்னும் மீதி இருந்தால் ரூட்டின் ஆஃப்டருக்கு (கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை ஓட்டும் வசதி) 10 மில்லிவிநாடி கொடுத்து மறுபடி இதே ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல். அவ்வளவுதான். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் மெயின்லூப்புக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பார் நகரும், விண்டோவை இழுக்கலாம். 'நிறுத்து' பட்டன் வேண்டுமென்றால் பட்டியலைக் காலி செய்தால் போதும். வேலை தொடங்கியதும் 'எல்லாம் செய்' பட்டனை டிசேபிள் செய்யுங்கள், முடிந்ததும் திரும்ப இயக்குங்கள்.

ஒரே படிக்கே பல விநாடிகள் ஆகிற வேலை வந்தால்தான் த்ரெட். அப்போதும் த்ரெட்டுக்குள்ளிருந்து லேபிளையோ பாரையோ தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. த்ரெட் தன் முடிவை ஒரு க்யூவில் (வரிசையில்) போடட்டும். மெயின் பக்கம் ஆஃப்டர் மூலம் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை க்யூவைக் காத்திருக்காமல் எட்டிப் பார்த்து, இருப்பதை எடுத்துத் திரையில் காட்டட்டும்.

கரிசல்காடு எழுதியது:

மலைச்சாரல் சொன்ன ஆஃப்டர் வழிதான் டிசிஎல் ஆட்கள் ஆரம்பத்துல இருந்து கையாளுறது. த்ரெட் எழுதிட்டு எப்போ எங்க விழும்னு தெரியாமத் தேடுறதுக்கு, இது நூறு மடங்கு நிம்மதி.

தம்பி, படத்தோட முன்னோட்டம் காட்டப் போறீங்கன்னா ஒண்ணு. டிகின்டர் படத்தை வச்சுக்கிற ஃபோட்டோஇமேஜை ஃபங்ஷனுக்குள்ள ஒரு வேரியபிள்ல மட்டும் வச்சா, ஃபங்ஷன் முடிஞ்சதும் பைத்தான் அதைக் குப்பைன்னு அள்ளிடும். பிழை எதுவும் வராது, லேபிள் மட்டும் வெறுமையா நிக்கும். லேபிளுக்கே ஒரு இமேஜ்ங்கிற பேர்ல அதைச் சேர்த்து மாட்டி வைங்க, நிலைச்சு நிக்கும்.

எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுதா? திரை அளவு 125 சதவீதம், 150 சதவீதம்னு வச்சிருந்தா அப்படி இருக்கும். விண்டோ உருவாக்குறதுக்கு முன்னாடி, பைத்தானோட சிடைப்ஸ் மாட்யூல் வழியா விண்டோஸோட செட்ப்ராசஸ்டிபிஐஅவேர்னெஸ்ஸைக் கூப்பிட்டு 1 கொடுங்க. ஐடில்கூட அதைத்தான் செய்யுது.

தேன்நாடு எழுதியது:

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். இந்த இழையைப் பார்த்து எங்கள் பாடசாலை நூலகத்துக்கு இதேபோல் ஒரு புத்தகப் பதிவு விண்டோ செய்யத் தொடங்கினேன். எங்களிடம் இருப்பது உபுண்டு. டிகின்டர் அதில் தானாக வரவில்லை, பைத்தான்3-டிகே பொதியைத் தனியாக நிறுவினேன்.

விண்டோ வந்தது, ஆனால் தமிழ் சிதைந்து வருகிறது. 'கோப்பைத் திற' என்று பட்டனில் எழுதினால் முதல் எழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. 'நூலகம்' என்பதில் நூ ஒரே எழுத்தாகச் சேராமல் நகரமும் குறியும் தனித்தனியாக நிற்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் இரண்டையும் போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. அதே வரிகளை உபுண்டுவின் டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டினால் அழகாக வருகிறது. மாணவர்கள் பார்க்கப் போகிற திரை, இப்படி விட மனம் வரவில்லை. எழுத்துருவிலா பிழை?

தாமிரபரணி எழுதியது:

எழுத்துருவில் பிழை இல்லை. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் தள்ளுவதும், 'கோ'வில் குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைப்பதும், நூ, மூ போன்றவற்றுக்குச் சேர்ந்த வடிவத்தை எழுத்துருவிலிருந்து எடுப்பதும் ஷேப்பிங் எஞ்சினின் வேலை. லினக்ஸில் டிகே 8.6 எக்ஸ்எஃப்டி என்ற எழுத்து வரையும் லைப்ரரி மூலம் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வடிவம் என்று வரிசையாக வரைந்துவிடுகிறது. நடுவில் ஷேப்பிங் நடப்பதில்லை. ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. இந்தி, மலையாளம், வங்காளம் எல்லாவற்றுக்கும் இதே கதி.

விண்டோஸில் வரையும் பொறுப்பை டிகே விண்டோஸிடமே கொடுப்பதால் லேபிள், பட்டன்களில் தமிழ் சரியாக வரும். நிர்மலா யூஐ எழுத்துருவைக் குறிப்பிட்டுக் கொடுத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். அதனால் வைகைக்கரைக்குக் கவலை இல்லை.

உங்களுக்கு என் பரிந்துரை பைசைடு. க்யூட்டிக்குள் ஹார்ஃப்பஸ் என்ற ஷேப்பிங் எஞ்சின் இருக்கிறது, தமிழ் பிசகாமல் வரும். உங்கள் டெக்ஸ்ட் எடிட்டரில் சரியாக வருவதற்குக் காரணம் அதை வரைகிற ஜிடிகே கருவியும் பாங்கோ என்ற லைப்ரரி வழியாக அதே ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துவதுதான். எனவே பைஜிஆப்ஜெக்ட் என்ற பைத்தான் லைப்ரரி மூலம் ஜிடிகே-வில் எழுதினாலும் சரி. தமிழ்த் திரை தேவைப்படுகிற யாரும் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் 'கொ, நூ, ஸ்ரீ' மூன்றையும் ஒரு லேபிளில் போட்டுப் பார்த்துவிடுங்கள். நம் எழுத்து சரியாக வராத கருவி, வேறு எவ்வளவு வசதி வைத்திருந்தாலும் நமக்கு உதவாது.

கரிசல்காடு எழுதியது:

தாமிரபரணி சொல்றது நியாயம். இந்த விஷயத்துல டிகே-வுக்காக நான் வாதாட மாட்டேன். லினக்ஸ், தமிழ் ரெண்டும் சேர்ந்தா க்யூட்டிதான்.

தேன்நாடு, புத்தகப் பதிவு வேலையைத் தனி ஃபைல்ல வச்சிருந்தா அதைத் தொடவே வேண்டாம், விண்டோ பகுதியை மட்டும் மாத்தினாப் போதும். இன்னொரு நல்ல செய்தி: பைத்தான் 3-ல ஃபங்ஷன் பேர், வேரியபிள் பேர் எல்லாம் தமிழ்லயே வைக்கலாம். 'புத்தகம்_சேர்'னு ஃபங்ஷன் எழுதினா அப்படியே ஓடும். மாணவர்களுக்கு நிரலைக் காட்டும்போது நல்லாப் புரியும்.

தேன்நாடு எழுதியது:

மிக்க நன்றி. பைசைடில் 'கோப்பைத் திற' சரியாக வந்துவிட்டது. பதிவுப் பகுதி தனி ஃபைலில்தான் இருந்தது, ஒரு வரியும் மாற்றவில்லை.

வைகைக்கரை எழுதியது:

ஆஃப்டர் வழியில் ஃபோல்டர் வேலை இப்போது வெண்ணெய்யாக ஓடுகிறது. கடை அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எடுத்தார், டிக் போட்டார், சேமித்தார். பிறகு சேமித்த ஃபைலைத் தேடிப் போய்த் திறந்து, பிரிண்ட் கொடுத்தார். அவருக்குத் தேவை சேமிப்பது இல்லை, பிரிண்ட். அதனால் 'சேமி' பட்டனையே எடுத்துவிட்டு 'பிரிண்ட்' என்று வைத்துவிட்டேன். சேமிப்பது பின்னால் தானாக, தேதி போட்ட ஃபோல்டரில் நடக்கும். ஓஎஸ் மாட்யூலின் ஸ்டார்ட்ஃபைலுக்கு இரண்டாவதாக 'பிரிண்ட்' என்று கொடுத்தால் விண்டோஸின் பிரிண்ட் பெட்டி திறக்கிறது.

ஆனால் அதில் அச்சாகும் படம் 35க்கு 45 இல்லை, கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன். இன்னொன்று, இதை இஎக்ஸ்இ (பைத்தான் இல்லாத கணினியிலும் டபுள் க்ளிக்கில் ஓடும் ஃபைல்) ஆக்க என்ன செய்வது?

மலைச்சாரல் எழுதியது:

உட்கார வைத்துப் பார்த்தது ரொம்பச் சரி. 'சேமி' போய் 'பிரிண்ட்' வந்தது அதனால்தான்.

பெரிதாக வருவதற்கு முதல் சந்தேகம் அந்தப் பெட்டியின் அடியில் இருக்கும், படத்தைச் சட்டத்துக்குள் பொருத்தும் டிக். அது தானாகவே போடப்பட்டு வரும். தாள் நிறைய வேண்டும் என்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். பிரிண்டர் செட்டிங்கில் ஓரமில்லாத பிரிண்ட் இருந்தால் அதுவும் கொஞ்சம் பெரிதாக்கும். பில்லோவில் சேமிக்கும்போது டிபிஐ 300, 300 என்று எழுதுவதையும் விட்டுவிடாதீர்கள்.

இஎக்ஸ்இ-க்கு பைஇன்ஸ்டாலர் என்ற கருவி. விண்டோஸுக்கு வேண்டியதை விண்டோஸிலேயே கட்ட வேண்டும். ஒற்றை ஃபைலாகக் கட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன்னைத் தற்காலிக ஃபோல்டரில் விரித்துக்கொண்டுதான் ஓடும். 4 ஜிபி கணினியில் அந்தத் தாமதம் தெரியும். ஆன்டிவைரஸ் அநியாயமாகச் சந்தேகப்படுவதும் அந்த வகையில்தான் அதிகம். ஃபோல்டராகக் கட்டி, டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் வைத்துவிடுங்கள்.

கறுப்புத் திரை வேண்டாம் என்று விண்டோட் முறையில் கட்டும்போது பிழைச் செய்திகளும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பட்டன் அமுக்கினால் ஒன்றுமே நடக்காது, ஏன் என்று யாருக்கும் தெரியாது. டிகின்டரில் பட்டன் வேலைகளில் வரும் பிழைகள் எல்லாம் ரிப்போர்ட்_கால்பேக்_எக்ஸெப்ஷன் என்ற ஒரே இடத்துக்கு வரும். அங்கே உங்கள் ஃபங்ஷனை மாட்டி, முழு விவரத்தை ஒரு லாக் ஃபைலில் எழுதிவிட்டு, திரையில் தமிழில் ஒரு வரி காட்டுங்கள்: 'இந்தப் படத்தைத் திறக்க முடியவில்லை, வேறு படம் எடுக்கவும்' என்பது மாதிரி. ஃபோல்டர் வேலையில் ஒரு கெட்ட படம் வந்தால் அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போய், விடுபட்டவற்றின் பெயரைக் கடைசியில் பட்டியலாகக் காட்டவும்.

வைகைக்கரை எழுதியது:

டிக்கை எடுத்ததும் அளவு சரியாக வந்துவிட்டது, 35க்கு 45. லாக் ஃபைலும் சேர்த்துவிட்டேன், ஃபோல்டராகவே கட்டிக் கொடுத்துவிட்டேன். ஜூனில் ஐடி கார்டு வேலை தொடங்கியதும் எப்படி ஓடுகிறது என்று இங்கேயே எழுதுகிறேன். அக்கா இப்போது கேட்பது, மவுஸைத் தொடாமல் என்டர் அமுக்கினால் பிரிண்ட் போக வேண்டும் என்று.

கரிசல்காடு எழுதியது:

ரூட்டோட பைண்டுக்கு ரிட்டர்ன் சாவியைக் கொடுத்து பிரிண்ட் ஃபங்ஷனை மாட்டுங்க. நிகழ்வு விவரம் ஒண்ணு ஆர்க்யுமென்டா உள்ள வரும், அதை வாங்கிக்க ஃபங்ஷன்ல ஒரு இடம் விடுங்க. பட்டன்ல இருந்து கூப்பிடும்போது அது வராது, அதனால அதுக்கு 'None' (ஒண்ணுமில்ல) டீஃபால்ட் வச்சிருங்க. படம் தேர்ந்தெடுக்காம என்டர் அமுக்கினா ஒண்ணும் செய்யாமத் திரும்பணும், அந்த ஒரு சோதனையை முதல் வரியிலயே போட்டுருங்க.